கன்டருக்குப் பூட்டிய ஒயில் வால்வு: நாலு வருசம் கழித்து

சம்ப் நட்டுக்கு (இஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கிற தொட்டிதான் சம்ப், அதில் பழைய ஒயிலை இறக்கக் கழற்றுகிற நட்) பதிலாக வால்வு பூட்டலாமா என்று கேட்டுக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது எங்கள் வளவுக்கு வருகிறார்கள், லொறிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு "உது நல்லதோ அண்ணை?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். நேரம் மிச்சமாகும் என்று நினைத்தால் வாங்க வேண்டாம். சம்பின் புரி (மரை) போகாமல் இருக்க வேண்டும், முற்றத்தில் ஒயில் சிந்தக்கூடாது என்றால் வாங்கலாம், அதுவும் தார் ரோட்டில் ஓடுகிற வாகனத்துக்கு.

என்னுடையது பழைய மிட்சுபிசி கன்டர் லொறி, 4டி33 இஞ்சின். வீடு கிளிநொச்சிப் பக்கம். அரிவி வெட்டு நாளில் நெல், மற்ற நாளில் சீமெந்து, கல், தேங்காய் என்று கிடைக்கிறதை ஏற்றுவேன். வால்வு பூட்டியது 2021 இல். அதன் பிறகு 11 தரம் ஒயில் மாற்றியிருக்கிறேன், எல்லாம் வீட்டில்தான். 5000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் என்பது என் கணக்கு. 2022 இல் டீசல் வரிசையில் நின்ற மாதங்களில் லொறி ஓடியதைவிட நின்றதுதான் கூட, இல்லாவிட்டால் எண்ணிக்கை இன்னும் ஏறியிருக்கும்.

வால்வுக்குப் போனதே ஒரு வயித்தெரிச்சலில்தான். அதற்கு முதல் ஒரு கராஜில் ஒயில் மாற்றக் கொடுத்திருந்தேன், அங்கே சாவியில் இரண்டடிக் குழாயைச் செருகி ஆள் தொங்கி நட்டை இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள், அடுத்த தரம் நானே கழற்றப் போனால் நட்டோடு சம்பின் புரியும் சுருள் சுருளாகக் கையில் வந்தது. வொசர் நசுங்கி முகத்தோடு ஒட்டினால் ஒயில் நிற்கும், அதற்கு மேல் இறுக்குகிற ஒவ்வொரு அரைச் சுற்றும் புரியைத்தான் தின்னும். சம்பைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், ஓட்டையைப் பெருப்பித்து, உள்ளே புதுப் புரியோடு ஒரு புஷ் போட்டு எடுத்து வர இரண்டு நாள். அதுவும் மாசி மாதம், வயலில் நெல் மூட்டை அடுக்கி வைத்துவிட்டு ஆட்கள் போன் மேல் போன் எடுக்கிற நேரம்.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானிடம் இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பினேன். அவரும் வீட்டிலேயே தன் லொறிக்கு ஒயில் மாற்றுகிறவர் (அவர் லொறி என்பது எங்கள் கணக்கில் பிக்கப்). "நீ ஏன் இன்னும் நட்டோட மல்லுக்கட்டுறாய், நான் ஒண்டு அனுப்புறன்" என்றார். ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டிக்குள், சொக்கிலேற்றுக்கு நடுவில் வந்து சேர்ந்தது. வந்தது பூட்டவில்லை. விட்டம் சரி, புரியின் இடைவெளி வேறு. 1.25 மில்லிமீற்றரும் 1.5 உம் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், இரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு கடிக்கும். நல்ல காலம், கடித்த இடத்தில் நிறுத்திவிட்டேன், சாவி போட்டிருந்தால் புதுப் புஷ்ஷும் போயிருக்கும். பட்டறைக்காரர் அளவுகோல் வைத்து அளந்து தந்த படத்தை அனுப்பிய பிறகுதான் சரியானது வந்தது. வாங்குகிறவர்கள் வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். பழைய நட்டை அளந்து வாங்குங்கள். இங்கே ஓடுகிற பழைய வாகனங்களில் எத்தனை சம்ப் எத்தனை பட்டறை பார்த்ததோ யாருக்குத் தெரியும்.

வந்தது ஃபுமோட்டோ, ஜப்பான் சாமான். பித்தளை உடம்பு, உள்ளே ஓட்டை போட்ட ஒரு உருண்டை, வெளியே சின்னக் கைபிடி. கைபிடியைத் தூக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் ஒயில் ஓடும், திருப்பி மூடினால் ஸ்பிரிங் அதைப் பள்ளத்துக்குள் இருத்திப் பிடிக்கும். தூக்காமல் திருப்ப முடியாது, அதுதான் அதன் பாதுகாப்பு. எனக்கு வந்தது ஹோஸ் செருக முனை உள்ள வகை. முனை இல்லாத வகையை வாங்கினால் பாதிப் பயன் போச்சு.

சரி, நேரக் கணக்கு. நட்டைக் கழற்றினால் பெரிய ஓட்டை, ஒயில் மளமளவென்று விழும், ஏழெட்டு நிமிடத்தில் சொட்டுக்கு வந்துவிடும். வால்வில் வழி சின்னது, ஹோஸும் பூட்டினால் எனக்கு இருபது நிமிடம் எடுக்கிறது, அதுவும் இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு. எப்படியும் பில்டர் கழற்றக் கீழே போகத்தான் வேண்டும், அதில் கை கறுப்பாகத்தான் வேண்டும். ஆகவே "ஐந்து நிமிட வேலை" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள்.

ஆனால் அந்த இருபது நிமிடமும் நான் கீழே கிடப்பதில்லை. ஹோஸின் மறுமுனையைக் கானுக்குள் விட்டுக் கைபிடியைத் திருப்பிவிட்டு, வேம்புக்குக் கீழே போயிருந்து தேத்தண்ணி குடிப்பேன். முன்பு அப்படி இல்லை. கடைசிப் புரி விடுகிற நேரம் சூடான ஒயில் முழங்கை வரைக்கும் ஓடும், நட் தாச்சிக்குள் விழும், அதைத் தேடிக் கையை விட வேண்டும், காற்று அடித்தால் ஒயில் நூலாகச் சாய்ந்து மண்ணில் விழும். எங்கள் கிணறு லொறி நிற்கிற இடத்திலிருந்து முப்பதடி இல்லை. சண்டைக் காலத்தில் இதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. பெற்றோலைச் சூப்பிப் போத்தலில் சொட்டு விட்டு ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது, ஒயில் கிடைத்ததே பெரிய காரியம், அது எங்கே சிந்தினது என்று பார்க்க யாருக்கு நேரம். இப்போது மனைவி பார்க்கிறாள். வால்வு பூட்டிய பிறகு முற்றத்தில் ஒரு கறுப்புப் பொட்டு இல்லை என்பது அவளுடைய சான்றிதழ். கானில் சேர்கிற பழைய ஒயிலில் கொஞ்சம் வேலித் தூண்களின் அடிக்குக் கறையானுக்குப் பூசப் போகும், மிச்சத்தை வாங்கிப் போக ஆள் வரும்.

குறை இல்லாமல் இல்லை. வால்வின் புரி முனை சம்புக்குள் கொஞ்சம் நீட்டி நிற்கிறது, அதனால் அடியில் கிடப்பது முழுக்க வராது. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஒரு தரம் சொட்டு நின்ற பிறகு வால்வையே கழற்றினேன், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு வந்தது. எட்டு லீற்றருக்கு மேல் ஊற்றுகிற இஞ்சினுக்கு அது பெரிய கணக்கில்லை. ஆனால் வந்தது நல்ல கறுப்பு, விரலில் தேய்த்தால் கசடு. அதற்குப் பிறகு வருசத்தில் ஒரு தரம், காலபோக (பெரும்போக) நெல் ஓட்டம் முடிந்ததும், வால்வை முழுக்கக் கழற்றி இறக்குகிறேன், வொசரும் புதிதாகப் போடுகிறேன். இன்னொன்று, என் பழைய நட்டின் நுனியில் காந்தம் இருந்தது. ஒவ்வொரு தரமும் அதில் ஒட்டியிருக்கிற இரும்புப் பொடியைப் பார்த்து இஞ்சினின் உடம்பு எப்படி என்று ஒரு மாதிரிக் கணித்துக்கொள்வேன். வால்வில் அது இல்லை. நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

ஒரே ஒரு தரம் பயந்தேன். மழை நாளில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிறவல் பாதையில் மணல் இறக்கிவிட்டு வந்து, இரண்டு நாள் கழித்து வவுனியாப் பயணம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தினேன், எப்போதும் போலக் குனிந்து கீழே பார்த்தால் வால்வு முனையில் ஒரு சொட்டு தொங்குகிறது. கைபிடிக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் செம்மண் அப்பிக் காய்ந்து, கைபிடி பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் நின்றிருக்கிறது. போத்தல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிண்டி, இருத்தினேன், சொட்டு நின்றது. அன்றிலிருந்து கைபிடிக்கு மேலால் ஒரு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். இதற்கென்றே பூட்டும் கிளிப் விற்கிறார்கள், எனக்குச் சந்திக் கடைக் கிளிப் போதும்.

முதலில் வந்து பூட்டாமல் கிடந்த வால்வு தம்பியின் உழவு இயந்திரத்துக்குச் சரியாக இருந்தது. பூட்டியது என் புத்தி. சேற்று உழவில் ஒரு பாலை மரக் கட்டை கீழே அடித்து வால்வு கழுத்தோடு முறிந்து, அவன் ஒயில் விளக்கைக் கண்டு நிறுத்துவதற்குள் அரைவாசிக்கு மேல் வயலுக்குள் போய்விட்டது. இஞ்சின் தப்பியது. அடுத்த நாளே பழைய நட் திரும்பவும் ஏறியது. நட் என்றால் சம்போடு ஒட்டிக் கிடக்கும், இது விரல் நீளத்துக்குக் கீழே தொங்கும். வயல், காடு, குளக்கட்டு என்று போகிற எதற்கும் இதைப் பூட்டாதீர்கள், சம்புக்கு அடியில் தகடு போட்டிருந்தால் தவிர. ஜெர்மன் ஸ்டால்பஸ் வகையில் கைபிடி இல்லை, மூடியைக் கழற்றி ஹோஸ் முனையைத் திருகினால்தான் திறக்கும் என்பதால் தொங்குவது குறைவு. அது என் கையில் இன்னும் படவில்லை.

தம்பி இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக் காட்டுகிறான். நான் என் கன்டரில் இருந்து வால்வைக் கழற்றவில்லை. ஆனால் பழைய நட்டை, புதுச் செப்பு வொசரோடு சீலைத் துண்டில் சுற்றி, அளவுச் சாவியும் சேர்த்து டாஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். சீற்றுக்குப் பின்னால் ஐந்து லீற்றர் ஒயில் கான் ஒன்றும் இருக்கிறது.