தையல் துணியை எதில் அடுக்கலாம்? மார்த்தாண்டம் மழைக்குத் தாங்குவதும் தாங்காததும்

மிஷின் ஓடும் வீட்டில் துணி சேராமல் இருக்காது. ஆடித் தள்ளுபடியில் எடுத்த காட்டன், ஓணத்துக்கு முன் பாலராமபுரத்தில் வாங்கிய கசவு (ஜரிகைக் கரை வைத்த கேரளத் துணி), லைனிங், ரவிக்கைப் பிட்டு என்று சேர்ந்து 100 மீட்டர் தாண்டுவது தெரியவே தெரியாது. இடத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்கிற சாமான்களில் பாதி, வறண்ட ஊருக்குத்தான் சரிப்படும். குமரி-கேரள எல்லையில் மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து நாலு நாள் வெயில் பார்ப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். இங்கே துணி வைக்க வாங்கும் எதையும், காற்று போக இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில், உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வேக்குவம் பை. விளம்பரத்தில் மலைபோல் இருப்பது தோசைபோல் சுருங்கும். அது ரஜாய், தலையணை, பஞ்சு ஷீட் போன்றவற்றுக்கு உண்மைதான். அவற்றின் பருமனில் பெரும்பகுதி காற்று. நெருக்கமாக நெய்த பாப்ளினையும் கேம்ப்ரிக்கையும் மடித்து அடுக்கினால் உள்ளே உறிஞ்ச அவ்வளவு காற்று கிடையாது. அதனால் காட்டன் துணிக்கு இந்தப் பையில் மிச்சமாகும் இடம் சொற்பம். மடிப்பு விழுந்து கல் மாதிரி ஆன கட்டிதான் கையில் வரும். அலமாரியில் அது நேராக உட்காராது.

இதைவிடப் பெரிய கேடு ஈரம். மழைக்காலத்தில் கடையிலிருந்து வந்த துணியில் ஈரம் ஏறியிருக்கும். அப்படியே பையில் போட்டு மூடினால் வெளியேற வழியில்லாமல் பூசணம் பிடிக்கும். மடித்த துணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை. பட்டுத் துணியையும் ஜரிகையையும் இந்தப் பையில் வைக்கவே கூடாது. அழுத்திய மடிப்பில் ஜரிகை முறியும். இன்னொன்று, ஜிப் தடத்தில் ஒரே ஒரு நூல் சிக்கினாலும் சில நாளில் பை பழையபடி உப்பிவிடும். தடத்தை உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்லைடரை இரண்டு தரம் ஓட்டினால் பெரும்பாலும் நிற்கும். பஞ்சு ஷீட்டுக்கு மட்டும் வாங்கலாம். அதையும் மாதக்கணக்கில் அழுத்தி வைத்தால் பழைய உப்பல் வராது.

ஜன்னல் வைத்த சேலைக் கவர் பரவாயில்லை. பின்பக்கத்து நெய்யாத துணி காற்று விடும். முன்பக்கத்துக் கண்ணாடித்தாள் பி.வி.சி. என்றால் பிரிண்ட் துணி அதில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பழைய வேட்டித் துண்டு போடுங்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளும் பிளாஸ்டிக் பெட்டிக்கு இடம் தனியாக வேண்டாம் என்பது லாபம். ஆனால் அடியில் போன துணி அடியிலேயே கிடக்கும். இருப்பது தெரியாமல் அதே நிறத்தில் இன்னொன்று வாங்குவோம். அரை மீட்டருக்குக் குறைந்த வெட்டுத்துணிக்கு அது போதும்.

நிஜமாகவே இடம் மிச்சம் பண்ணுவது அட்டை முறைதான். ஜவுளிக்கடையில் சுற்றி வைப்பதுபோல, வீட்டு அளவுக்குச் சின்ன அட்டையில் சுற்றிப் புத்தகம்போல் நிறுத்துவது. சாதாரண அட்டை வேண்டாம். ஈரம் குடித்துத் தொய்யும், கரையானும் ராமபாணப் பூச்சியும் தேடி வரும். ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்பேக் ஷீட் (உள்ளே குழாய் ஓடும் பிளாஸ்டிக் அட்டை) வாங்குங்கள். 8 அடிக்கு 4 அடி ஷீட் ஒன்றில் 12 அங்குலத்துக்கு 8 அங்குல அட்டை 48 வெட்டலாம். உள்ளே ஓடும் குழாய்க்கோடு 12 அங்குல வாக்கில் வரட்டும், அப்போதுதான் நிற்கும்போது வளையாது. கோட்டோடு கத்தி சுலபமாகப் போகும், குறுக்கே வெட்டப் புது பிளேடு வேண்டும். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஜார்ஜெட்டில் நூல் இழுபடும்.

44 அங்குலத் துணியை அகலவாக்கில் இரண்டாக, மறுபடி இரண்டாக மடித்தால் 11 அங்குலம். 12 அங்குல அட்டையில் இரு பக்கமும் அரை அங்குலம் மிஞ்சும்; துணி தரையில் உரசாது. 58 அங்குலம் என்றால் இரண்டாக மடித்து அதை மூன்றாக்க வேண்டும், ஏறக்குறைய 10 அங்குலம் வரும். சுற்றும்போது இழுக்கக் கூடாது. இறுக்கிச் சுற்றினால் அட்டை கோட்டில் மடங்கும், துணியிலும் தடம் விழும். கடைசி முனைக்கு குண்டூசி குத்தாதீர்கள், ஒரே மழையில் துருக்கறை. பிளாஸ்டிக் கிளிப் போதும். இரண்டரை மீட்டர் காட்டன் சுற்றிய அட்டை சுமார் 2 செ.மீ. கனம் வரும். உள் அகலம் 34 அங்குலம் உள்ள பீரோத் தட்டில் ஒரு வரிசைக்கு 40 அட்டை, அதாவது 100 மீட்டர் துணி நிற்கும். வேண்டியதை மட்டும் உருவி எடுக்கலாம், பக்கத்துத் துணி கலையாது. மீட்டர், அகலம், நனைத்தாயிற்றா என்ற மூன்றையும் ஒரு நாடாத் துண்டில் எழுதிக் கிளிப்போடு மாட்டுங்கள்.

வெல்வெட்டை அட்டையில் சுற்றாதீர்கள், மயிர் படுத்துவிடும். ஜவுளிக்கடையில் கழிக்கும் காகிதக் குழாயை வெள்ளைத் துணியால் மூடி அதில் சுற்றலாம். கசவுக்கும் குழாய்தான் நல்லது. மடித்தே வைத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். கஞ்சியை அலசி எடுக்காமல் எதையும் உள்ளே வைக்காதீர்கள், கஞ்சிதான் ராமபாணத்துக்குத் தீனி. அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது.

பீரோவை மழை அடிக்கும் சுவரிலிருந்து 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள். தட்டுக்கு ஒரு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, ஆரஞ்சு வகை. பச்சையாகிவிட்டால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் காயவைக்க வெயில் மட்டும் போதாது. சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் கொட்டி, குறைந்த தீயில் மறுபடி ஆரஞ்சு நிறம் வரும்வரை புரட்டிக்கொண்டே இருங்கள், முழுக்க ஆறிய பிறகு பையில் கட்டுங்கள்.