ரிகார்ட், ரெஸ்பெக்ட், எஸ்டீம்: மூணுக்கும் மரியாதைன்னு போட்டா போதுமா?

போன வாரம் டியூஷனுக்கு வர்ற ஒன்பதாவது பொண்ணு ஒருத்தி லீவ் லெட்டர் எழுதிக் கொண்டு வந்து காட்டுனா. கடைசில வித் ரிகார்ட்ஸ்னு (with regards) போட்டு, அதுக்குக் கீழ பென்சில்ல சின்னதா மரியாதைகளுடன்னு தமிழ்ல எழுதி வெச்சிருந்தா. நான் அதையே பாத்துட்டு இருக்கறதப் பாத்துட்டு, "டீச்சர், கைடுல ரிகார்டுக்கும் மரியாதை, ரெஸ்பெக்டுக்கும் மரியாதை, எஸ்டீமுக்கும் மரியாதைன்னுதான் இருக்கு, அப்பறம் எதுக்கு மூணு வார்த்தை"ன்னு கேட்டா. அந்தக் கேள்வி ரெண்டு நாளா மனசுலயே சுத்திட்டு இருந்துச்சு, அதான் உக்காந்து எழுதறேன்.

நாங்க இருக்கறது கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காட்டு சித்தூர் தாலுக்கா, வேலந்தாவளம் தாண்டினா கோயமுத்தூர் ஜில்லா வந்துடும். வீட்ல தமிழ், பஸ் போர்டுல மலையாளம், பரீட்சைல இங்கிலீஷ், அதனால ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தேடினா மூணு பக்கமும் தேடுவோம், இந்த வார்த்தைக்கு அது ரொம்பவே உதவுச்சு.

மொதல்ல வேரைப் பாத்துடலாம். ரிகார்ட் பிரெஞ்சுல இருந்து வந்தது, அங்க ரிகார்டேன்னா இன்னைக்கும் பாக்கறதுன்னுதான் அர்த்தம், அதுக்குள்ள இருக்கற கார்டேங்கறது காவல் காக்கறது, வாசல்ல காவலுக்கு நிக்கற செக்யூரிட்டி கார்டு அதே குடும்பம். ரெஸ்பெக்ட் லத்தீன், திரும்பிப் பாக்கறது, இன்ஸ்பெக்டர்ல இருக்கற ஸ்பெக்டும் அதே வேர்தான். எஸ்டீம் மட்டும் தனி, அது விலை மதிக்கறதுல இருந்து வந்தது, எஸ்டிமேட்டும் அதுவும் ஒட்டிப் பொறந்தது. ஆக ரெண்டு வார்த்தை கண்ணுல இருந்து வந்தது, ஒண்ணு விலைல இருந்து வந்தது.

எஸ்டீமுக்கு நமக்கு அப்படியே அச்சா ஒரு வார்த்தை இருக்கு, மதிப்பு. எங்க ஊர்ல தோப்பு குத்தகைக்கு எடுக்கறவர் வருவார், வரப்புல நின்னு தலையத் தூக்கி ஒவ்வொரு மரத்துலயும் குலை எத்தனை, குரும்பை கொட்டியிருக்கான்னு பாத்து, வாய்க்குள்ளயே கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்லுவார், அதுக்குப் பேரு மதிப்பு போடறது. ஊர்ல ஒரு மனுஷனுக்கு இருக்கறதும் மதிப்புதான். இங்கிலீஷ்காரனுக்கு எஸ்டிமேட்டும் எஸ்டீமும் எப்படியோ அப்படியே நமக்கு இது, அதனால எஸ்டீமுக்கு மதிப்புன்னு எழுதிக்கோங்க, யோசிக்கவே வேண்டாம்.

ரெஸ்பெக்டுக்கு மரியாதை. அதுல முறை இருக்கு, எல்லை இருக்கு. பெரியவங்க வந்தா எந்திரிக்கறது, அடுத்தவங்க உரிமைல கை வெக்காம இருக்கறது, சட்டத்துக்குக் கட்டுப்படறது எல்லாம் ரெஸ்பெக்ட்தான். பிடிக்காத ஆளுக்கும் அதைக் குடுத்தே ஆகணும், கேட்டு வாங்கவும் செய்யலாம். பெரியார் 1924-ல வைக்கம் போராட்டத்துக்கு வந்தவர், அடுத்த வருஷம் ஆரம்பிச்ச இயக்கத்துக்கு சுயமரியாதைன்னு பேரு, இங்கிலீஷ்ல செல்ஃப் ரெஸ்பெக்ட். அந்த இடத்துல செல்ஃப் ரிகார்ட்னு போட்டுப் பாருங்க, தன்னையே பாத்துட்டு இருக்கற மாதிரி ஒரு தற்பெருமை வாடை வந்துடும். செல்ஃப் எஸ்டீம்னா மறுபடி அளவு, மோரிஸ் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்கர் 1965-ல அதை அளக்கறதுக்கே 10 வாக்கியம் வெச்சு ஒரு ஸ்கேல் போட்டார், இன்னைக்கும் அதைப் பயன்படுத்தறாங்க.

இப்ப ரிகார்ட். இதுக்கு மரியாதைன்னு எழுதினா பாதிதான் வரும், சில இடத்துல அதுவும் வராது. இதுக்கு நம்ம வாய்ல இருக்கற வார்த்தை கண்டுக்கறது. "கல்யாணத்துக்குப் போனேன், ஒருத்தரும் கண்டுக்கல"ன்னு சொல்றோமே, அது அச்சு அசல் டிஸ்ரிகார்ட். அங்க யாரும் அவமரியாதை பண்ணல, பார்வை மேல விழல, அவ்வளவுதான், அதுவே அவ்வளவு வலிக்குது. எழுத்துத் தமிழ்ல பொருட்படுத்தறது. மழையையும் பொருட்படுத்தாமல் கூட்டம் கூடியதுன்னு பேப்பர்ல போடறது அப்படியே ரிகார்ட்லெஸ், மலையாளப் பேப்பர்ல அதையே மழய வகவெக்காதென்னு போடுவான். இன்னொரு மலையாள வார்த்தை கௌனிக்கறது, "பறஞ்ஞிட்டு கௌனிச்சில்லா"ன்னா சொல்லியும் காதுல வாங்கலைன்னு அர்த்தம், நம்ம கவனிக்கறதோட சாயல் அதுல அப்படியே தெரியும். (இர்ரிகார்ட்லெஸ்னு சிலர் எழுதறாங்க, டிக்‌ஷனரில இருக்கு, ஆனா தரமில்லாத வழக்குன்னு குறிப்போட இருக்கு, பரீட்சைல வேண்டாம்.)

கவனிக்கறதுன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும், எனக்கு இது தெரிஞ்சப்ப உடம்பு சிலிர்த்துச்சு. ரிகார்டும் ரிவார்டும் பொறப்புல ஒரே வார்த்தை. பிரான்ஸ்ல ஒரு பக்கம் ககரத்துல சொன்னதை வடக்கு ஓரத்துல வகரத்துல சொன்னாங்க, ரெண்டுமே இங்கிலீஷுக்குள்ள வந்துடுச்சு, கார்டியன் வார்டன், கேரண்டி வாரண்டி எல்லாம் அதே ஜோடிதான். இப்ப நம்மூரப் பாருங்க. சமையல்காரர் வேலை முடிச்சுக் கெளம்பறப்ப "அவரக் கொஞ்சம் கவனிச்சு அனுப்புங்க"ன்னா கைல ஏதாவது வெச்சு அனுப்புங்கன்னு அர்த்தம். பார்வைல ஆரம்பிச்ச வார்த்தை பரிசு வரைக்கும் போறது அங்கயும் நடந்திருக்கு, இங்கயும் நடந்திருக்கு.

ஆனா கண்டுக்கறதுல ஒரு குறை இருக்கு, ஒத்துக்கறேன். ஹை ரிகார்ட்னு வந்தா அது நிக்காது, அங்க உயர்ந்த மதிப்புன்னுதான் போடணும். ரிகார்டுக்கு மேலயும் கீழயும் ஹை, லோன்னு அளவு உண்டு, ஒரு ஆள ஹை ரிகார்ட்ல வெச்சிருக்கோம்னா மனசுல அவரப் பத்தின நெனப்பு எந்த உயரத்துல இருக்குன்னு சொல்றோம்.

பி.எட். படிக்கறவங்களுக்கு இன்னொரு இடம் வரும், கார்ல் ரோஜர்ஸ்ங்கற அமெரிக்க மனோதத்துவ நிபுணர். 1950-கள்ல அவர் எழுதினதுல அன்கண்டிஷனல் பாசிட்டிவ் ரிகார்ட்னு ஒண்ணு, ஆலோசனைக்கு வர்றவங்கள எந்த நிபந்தனையும் வெக்காம அப்படியே ஏத்துக்கறது. அங்க எஸ்டீம்னு போட்டிருந்தா கெட்டுப்போயிருக்கும், விலை போட்டாலே நிபந்தனை வந்துடும். ரெஸ்பெக்ட்னு போட்டிருந்தா கொஞ்சம் தள்ளி நிக்கற மாதிரி ஆயிருக்கும். மார்க் வாங்காத புள்ளையும் கிளாஸ்ல கடைசில உக்காந்து நம்ம பார்வைக்காகத்தான் காத்துட்டு இருக்கும், நான் படிக்கறப்ப அந்தக் கடைசி பெஞ்சுல இருந்தவ, அதனால இந்த வார்த்தை மேல எனக்கு இவ்வளவு பிடிப்பு.

லெட்டர் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். வித் ரிகார்ட் டு, இன் ரிகார்ட் டு ரெண்டுலயும் கடைசில ஸ் கெடையாது. ஆஸ் ரிகார்ட்ஸ்ல மட்டும் ஸ் உண்டு, அங்க அது வினைச்சொல். இது எல்லாத்தையும் விட ரிகார்டிங் சுருக்கமா இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். தமிழ்ல அது குறித்து, தொடர்பாக, பேச்சுல "அந்த விஷயமா". கவர்மென்ட் லெட்டர்ல பொருள்னு போட்டு அடுத்த வரில பார்வைன்னு முந்தின கடிதத்தைக் குறிப்பாங்க பாருங்க, அங்கயும் பார்வைதான். அப்பறம் ரிகார்ட் ஹிம் ஆஸ் எ ஃப்ரெண்ட்னு எழுதறப்ப ஆஸ் கட்டாயம், கன்சிடர் ஹிம் எ ஃப்ரெண்ட்ல ஆஸ் வேண்டாம், இதுல நெறைய பேரு தடுமாறுவாங்க.

கடைசில போடற ரிகார்ட்ஸ் மரியாதையே இல்லீங்க, அது விசாரிப்பு. "அம்மாவக் கேட்டதாச் சொல்லு"ன்னு நாம சொல்றதும், அன்வேஷணம் பறயணம்னு மலையாளத்துல சொல்றதும், கிவ் மை ரிகார்ட்ஸும் ஒரே விஷயம். இதைச் சொன்னதும் அவ பென்சில் எழுத்தை அழிச்சுட்டு கேட்டதாச் சொல்லவும்னு எழுதிட்டா. அர்த்தம் சரி, ஆனா லீவ் லெட்டர்ல ரிகார்ட்ஸே வேண்டாம் கண்ணு, அது பழகினவங்களுக்குப் போடறது, ஹெட்மாஸ்டருக்கு யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி போடுன்னு திருத்திக் குடுத்தேன்.