பாம்பன் உப்புக்காத்துல அஞ்சு வருஷம்: லாப்டாப் டிஸ்க்கை முழுசா பூட்டி வச்சிருக்க அனுபவம்

2021 பொங்கல் முடிஞ்ச கையோட என் லாப்டாப் டிஸ்க்கை முழுசா என்கிரிப்ட் பண்ணேன், அதாவது பாஸ்வேர்டு இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டுனேன். இப்ப அஞ்சு வருஷம் ஓடிருச்சு. இதுக்குள்ள ஒரு லாப்டாப் தண்ணியில போச்சு, ஒரு கீபோர்டு உப்புல போச்சு, ஒரு தடவ பாஸ்வேர்டே குழம்பிப் போச்சு, ஆனா உள்ள இருந்த ஒரு ஃபைலுக்கும் ஒண்ணும் ஆகல. புதுசா பண்ணப் போறவங்க எல்லாரும் "டிஸ்க் ஸ்லோ ஆயிடுமா"ன்னுதான் முதல்ல கேக்குறாங்க. என் அனுபவத்துல அது பிரச்சனையே இல்ல, பிரச்சனை வர்ற இடம் வேற, அதத்தான் விளக்கமா சொல்லப் போறேன்.

எங்க வீடு பாம்பன்ல, தென்கடல் பக்கம். மகளிர் குழு கணக்கு எழுதுறேன், அதோட மீன்பிடித் தடைக்கால நிவாரணம், நலவாரிய அட்டை, பாசி எடுக்கப் போற அக்காமாரோட இன்சூரன்ஸ்னு எது அப்ளை பண்ணணும்னாலும் என்கிட்டதான் வருவாங்க. அதனால என் லாப்டாப்ல என்னோட போட்டோ கொஞ்சம்தான், ஊர்க்காரங்க ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு, படகு ஆர்சின்னு வீட்டுக்கு ஒரு ஃபோல்டரா 200 வீட்டுக்கு மேல கெடக்கு.

2020 டிசம்பர்ல புரெவி புயல் பாம்பன் பக்கம்தான் வருதுன்னு சொன்னதும் ராமநாதபுரத்துல இருக்க மதினி வீட்டுக்குக் கெளம்புனோம், பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஆட்டோ புடிச்சு போனவ புள்ளைங்களையும் துணிமூட்டையையும் எண்ணி இறக்குனேனே தவிர லாப்டாப் பையை ஆட்டோவுலயே விட்டுட்டேன். அந்த ஆட்டோ அண்ணன் மறுநாள் காலைல மழையோட மழையா தேடி வந்து குடுத்துட்டுப் போனாரு, அவரு நல்லா இருக்கணும். ஆனா அந்த ஒரு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. "அதான் பாஸ்வேர்டு போட்டுருக்கீங்கள்ல அத்தை, ஏன் பயப்படுறீங்க"ன்னு முதல்ல சொன்ன மதினி மகன், பை கெடச்சதும் அவனே ஒரு சோதனை பண்ணிக் காட்டுனான். பின்னாடி நாலு ஸ்க்ரூவைக் கழட்டி டிஸ்க்கை வெளிய எடுத்து யுஎஸ்பி கேபிள்ல அவன் கம்ப்யூட்டர்ல சொருகுனான், எந்தப் பாஸ்வேர்டும் கேக்கல. முதல்ல அவன் தொட்ட ஃபைல் எங்க தெரு ஆச்சி ஒருத்தங்களோட குழு ஃபார்ம், ஊதா மையில கைநாட்டு ரேகை ரேகையா தெரியுது, கீழ அக்கவுண்ட் நம்பர். எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துருச்சு. விண்டோஸ் பாஸ்வேர்டுங்கிறது வாசக்கதவுக்குப் பூட்டைப் போட்டுட்டு கொல்லைப் பக்கம் சுவரே இல்லாம விட்ட மாதிரிதான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

சரி, எப்படிப் பண்ணேன். அப்ப இருந்தது பழைய ஐ3 லாப்டாப், விண்டோஸ் ரொம்ப திணறுச்சுன்னு அதைத் தூக்கிட்டு லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். இன்ஸ்டால் பண்ணும்போது முழு டிஸ்க்கையும் அழிச்சு போடுற ஆப்ஷன்லயே என்கிரிப்ட் பண்ணவான்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு பாஸ்ஃப்ரேஸ், அதாவது நீளமான பாஸ்வேர்டு, குடுத்தா போதும், வேற எதுவும் நோண்ட வேணாம். இதுக்குள்ள வேலை செய்றது லக்ஸ்னு (LUKS) சொல்ற, லினக்ஸ்ல டிஸ்க்கைப் பூட்டுற முறை. ஏற்கனவே டேட்டா இருக்க டிஸ்க்கை அழிக்காம அப்படியே என்கிரிப்ட் பண்ணவும் வழி இருக்கு, ஆனா அது மணிக்கணக்குல ஓடும், நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும், அதனால எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு புதுசா போடுறதுதான் நல்லதுன்னு சொல்வேன்.

வேகத்தைப் பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன். டிஸ்க்கைப் பூட்டித் திறக்கிற ஏஇஎஸ் (AES) கணக்கைப் பிராசஸரே நேரடியா போடுற வசதி ஒண்ணு இருக்கு, என் பழைய ரெண்டாம் தலைமுறை ஐ3ல அது கிடையாது, வேகத்தை அளக்குற கிரிப்ட்செட்டப் பெஞ்ச்மார்க்குன்னு (cryptsetup benchmark) கமாண்ட் போட்டுப் பாத்தா செகண்டுக்கு 200 எம்பி கூட வரல. பெரிய ஃபைல் காப்பி பண்ணா ஃபேன் கத்தும். 2023ல வாங்குன புது லாப்டாப்ல அதே கமாண்ட் 1,500 எம்பிக்கு மேல காட்டுச்சு, அதுல என்கிரிப்ட் பண்ணிருக்கோமான்னே தெரியாது. அவ்ளோதான்.

இப்ப பாஸ்ஃப்ரேஸ் கதை. யாரும் சுலபமா யூகிக்கக் கூடாதுன்னு தமிழ் அகராதியை எடுத்து கண்ண மூடிக்கிட்டு பக்கம் பக்கமா விரல் வச்சு 6 வார்த்தை எடுத்தேன். பூட் ஆகுறப்ப தமிழ்ல டைப் பண்ண முடியாது, அதனால இங்கிலீஷ் எழுத்துல அடிக்கணும், இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் மாட்டுவாங்க. ழகரத்துக்கு இசட் ஹெச் போட்டேனா வெறும் எல் போட்டேனா, நெடிலுக்கு ரெண்டு ஏ வா ஒரு ஏ வா, தகரத்துக்கு ஹெச் சேத்தேனா இல்லையா? தினமும் அடிக்கிற வரைக்கும் விரலுக்கே தெரியும், யோசிக்கவே வேணாம். கோயில் கொடைக்கு இருபது நாள் ஊருக்குப் போயிட்டு வந்து உக்காந்தா விரலுக்கு மறந்து போச்சு! வார்த்தை ஆறும் மனசுல இருக்கு, ஸ்பெல்லிங் இல்ல. மூணு தடவ தப்பானா உள்ள விடாது, ஆனா பயப்படாதீங்க, டிஸ்க்கை ஒண்ணும் அழிச்சுடாது, ரீஸ்டார்ட் பண்ணி எத்தனை தடவ வேணா போடலாம். ஒரு பேப்பர்ல எல்லா ஸ்பெல்லிங்கையும் வரிசையா எழுதி ஒண்ணொண்ணா அடிச்சுப் பாத்து அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல திறந்துச்சு. வார்த்தையை ஞாபகம் வச்சா பத்தாது, எழுத்து எழுத்தா பேப்பர்ல எழுதி வைங்க.

அடுத்தது கீபோர்டு. கடக்கரையில இருக்கவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல ஜன்னல் கம்பியத் தொட்டா பிசுபிசுன்னு உப்பு ஒட்டும். 2022ல தடைக்கால லிஸ்ட் குடுக்க வேண்டிய கடைசி நாள், காலைல ஆறு மணிக்கு லாப்டாப்பைத் திறந்தா பாஸ்ஃப்ரேஸ் தப்புன்னு வருது. இந்தத் தடவ ஸ்பெல்லிங் எனக்கு நல்லா தெரியும், பேப்பரும் பக்கத்துல இருக்கு, மூணு தடவ, ஆறு தடவ, ஒம்பது தடவ போட்டும் திறக்கல. டிஸ்க் போயிருச்சுன்னே முடிவு பண்ணிட்டேன், வாசல்ல அக்காமார் ரெண்டு பேரு வந்து வேற நிக்கிறாங்க. அப்புறம் பூட் ஸ்க்ரீன்ல எஸ்கேப் அடிச்சா லோகோ போய் வெறும் எழுத்து வரும்னு ஞாபகம் வந்து அடிச்சேன், அதுல ஒரு எழுத்து அடிச்சா ஒரு ஸ்டார் விழும். மெதுவா ஒவ்வொரு எழுத்தா அடிச்சு எண்ணுனேன். என் பாஸ்ஃப்ரேஸ் 31 எழுத்து, திரையில விழுந்தது 29 ஸ்டார். திரும்ப எண்ணுனேன், திரும்பவும் 29. எந்த எழுத்து ரெண்டே ரெண்டு தடவ வருதுன்னு பேப்பர்ல தேடுனா N! அந்த N கீயை மட்டும் தனியா அடிச்சுப் பாத்தேன், ஸ்டார் விழவே இல்ல. பக்கத்து வீட்டு மச்சான்கிட்ட யுஎஸ்பி கீபோர்டு வாங்கிட்டு வந்து சொருகுன அடுத்த நிமிஷம் திறந்துருச்சு, லிஸ்ட்டும் மதியத்துக்குள்ள போயிருச்சு. அப்புறமா அந்தக் கீயை நெம்பி எடுத்துப் பாத்தா அடியில செம்புப் பாத்திரத்துல புடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு. அன்னைலேருந்து 300 ரூபாய்க்குள்ள ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பீரோவுக்குள்ள வச்சிருக்கேன், டிஸ்க்கைப் பூட்டுற யாரா இருந்தாலும் இதை வாங்கி வைங்க, கடல் ஊர்க்காரங்க கட்டாயம் வாங்குங்க.

பூட் பார்ட்டிஷன், அதாவது லாப்டாப் எழும்புறதுக்கு டிஸ்க்ல ஒதுக்குன பகுதி, நிறைஞ்சு போறது இன்னொரு தொல்லை. டிஸ்க் முழுசும் பூட்டுனாலும் முதல்ல எழும்புறதுக்குத் தேவையான கெர்னல்ங்கிற லினக்ஸோட மையப் பகுதி மட்டும் பூட்டாத ஒரு சின்ன பார்ட்டிஷன்ல இருக்கும், எனக்கு 700 எம்பி சொச்சம்தான். அப்டேட் போடப் போட பழைய கெர்னல் சேந்து சேந்து இடமில்லாம பாதியில நின்னுரும், அடுத்த தடவ பூட் ஆகாது. லாப்டாப் ஆன் ஆகுறப்ப வர்ற க்ரப் மெனுவுல அட்வான்ஸ்டு ஆப்ஷன் போய் பழைய கெர்னலை செலக்ட் பண்ணா உள்ள போயிடலாம், போயி பழைய கெர்னலைத் தூக்குற ஆப்ட் ஆட்டோரிமூவ் (apt autoremove) கமாண்ட் போட்டுட்டு, கெர்னலோட சேந்து எழும்புற இனிட்ராம்எஃப்எஸ் (initramfs) ஃபைலை மறுபடி அப்டேட் பண்ணா சரி. எனக்கு ஒரு தடவதான் வந்துச்சு, இப்ப மாசம் ஒரு தடவ சுத்தம் பண்ணிடுறேன்.

ஹெட்டர்னு ஒண்ணு இருக்கு, அதை மட்டும் நல்லா புரிஞ்சுக்கங்க. நம்ம போடுற பாஸ்ஃப்ரேஸ் நேரா டிஸ்க்கைத் திறக்கிறது இல்ல. உண்மையான சாவி வேற, அது டிஸ்க்கோட ஆரம்பத்துல இருக்க ஹெட்டருக்குள்ள ஒரு பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி பூட்டியிருக்கு, நம்ம பாஸ்ஃப்ரேஸ் அந்தப் பெட்டியைத்தான் திறக்குது. லக்ஸோட ரெண்டாவது வெர்ஷனான லக்ஸ் 2ல அந்த இடம் வழக்கமா 16 எம்பி. அது கெட்டுப் போச்சுன்னா பாஸ்ஃப்ரேஸ் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல, யாராலயும் மீட்க முடியாது. அதனால லக்ஸ்ஹெட்டர்பேக்கப் (luksHeaderBackup) கமாண்ட் போட்டு ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைங்க. ஒரு விஷயம், பின்னாடி பாஸ்ஃப்ரேஸை மாத்துனா அந்தப் பழைய காப்பியையும் அழிச்சுட்டு புதுசு எடுக்கணும், ஏன்னா பழைய ஹெட்டரு பழைய பாஸ்ஃப்ரேஸுக்கு இன்னமும் திறக்கும். அதே மாதிரி ஒரே டிஸ்க்குக்கு ரெண்டு மூணு பாஸ்ஃப்ரேஸ் வைக்கலாம், லக்ஸ் 2ல 32 வரைக்கும் இடம் இருக்கு. நான் ரெண்டாவதா ஒண்ணு போட்டு எழுதி ஒட்டுன கவர்ல மதினிகிட்ட குடுத்துருக்கேன், எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குழுக் கணக்கு நிக்கக் கூடாதுல்ல.

2024 நவம்பர்ல ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துருச்சு. புது லாப்டாப் அலமாரி கீழ்த்தட்டுல இருந்துச்சு, முழுசா நனைஞ்சு போர்டு செத்துப் போச்சு. அதுல இருந்த எஸ்எஸ்டி டிஸ்க்கை மட்டும் கழட்டி ரெண்டு நாள் காய வச்சு வெளிக் கேஸ்ல போட்டு பழைய ஐ3ல சொருகுனேன். பழசுலயும் அதே மின்ட், ரெண்டுலயும் உள்ள இருக்க எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிரிச்சு வைக்கிற முறை) பேரு ஒண்ணா இருந்தா ஒண்ணோட ஒண்ணு இடிக்கும், அதனால மின்ட் பென்டிரைவ்லேருந்து லைவா பூட் பண்ணி டிஸ்க்கை க்ளிக் பண்ணேன், பாஸ்ஃப்ரேஸ் கேட்டுச்சு, போட்டேன். புது மெஷின்ல ரெண்டு செகண்டுல திறந்தது இதுல பத்து செகண்ட் யோசிச்சுச்சு, பாஸ்ஃப்ரேஸைச் சரிபார்க்கப் போடுற கணக்கு வேகமான மெஷினுக்குத் தக்கன வச்சது, அதனால பழசுல இழுக்கும், பதறக் கூடாது. 200 வீட்டு ஃபோல்டரும் அப்படியே வந்து நின்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. செத்த லாப்டாப்பை சர்வீசுக்குக் குடுத்தப்ப பாஸ்வேர்டு கேட்டாங்க, டிஸ்க் என்கிட்ட இருக்கு, உங்க பென்டிரைவ் போட்டு டெஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொல்லிட்டேன்.

விண்டோஸ்காரங்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11ல 24ஹெச்2 வெர்ஷனை புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சா பெரும்பாலும் அதுவே டிஸ்க்கைப் பூட்டிரும், நம்மகிட்ட சொல்லாது. மதினி மக காலேஜ் லாப்டாப்ல பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற மதர்போர்டு மென்பொருள்) அப்டேட் ஆனதும் நீல ஸ்க்ரீன்ல 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டுச்சு, அந்தப் புள்ள அழுதுருச்சு. சாவி மதர்போர்டு சிப்போட சேந்து இருக்கதால அங்க ஏதாவது மாறுனா இப்படிக் கேக்கும். போன்ல அவ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுக்குள்ள போய்ப் பாத்தா அந்தக் கீ இருந்துச்சு, அடிச்சதும் சரியாச்சு. உங்களோடது எங்க இருக்குன்னு இன்னைக்கே பாத்து எழுதி வைங்க.

இதனால ஆகாததையும் சொல்லிடணும். லாப்டாப் ஓடிட்டு இருக்கப்ப பூட்டு திறந்துதான் இருக்கு, வைரஸ் வந்தா தடுக்காது. மூடி வச்சு ஸ்லீப்ல போட்டாலும் சாவி மெமரியில இருக்கும், அதனால பஸ் ஏறும்போது ஷட் டவுன்தான். பேக்கப் டிஸ்க்கையும் பூட்டலன்னா இவ்ளோ செஞ்சும் வீண். அதைவிட முக்கியம், வாட்ஸப்ல வர்ற ஆதார் படம் போன்லயே கெடக்கு, அதை லாப்டாப்ல ஏத்துனதும் அவங்க முன்னாடியே போன்லேருந்து அழிச்சுடுறேன்.

போன மாசம் மதினி வீட்டுக் கவரைப் பிரிச்சு அந்த ரெண்டாவது பாஸ்ஃப்ரேஸைப் போட்டுப் பாத்தேன். நாலு வருஷ ஈரத்துல பேனா மை ஊறி மூணாவது வார்த்தையில ஒரு எழுத்து யூவா வியான்னே தெரியல, ரெண்டாவது தடவதான் திறந்துச்சு. இந்தத் தடவ பென்சில்ல பெரிய பெரிய எழுத்தா எழுதி, லேமினேட் பண்ணி, புதுக் கவர்ல ஒட்டிக் குடுத்துட்டு வந்துருக்கேன்.