எங்கே போகலாம், ஓல்டமா, ராச்டேலா?

இரண்டும் மான்செஸ்டருக்கு வடக்கே, ஒரே டிராம் பாதையில் இருக்கும் பழைய பஞ்சாலை ஊர்கள். 1974-இல் சுற்றுவட்டார ஊர்களையும் சேர்த்து இரண்டையும் பெருநகர மாவட்டங்களாக்கினார்கள். 2021 கணக்கெடுப்பில் ஓல்டத்தில் சுமார் 2,42,000 பேர், ராச்டேலில் சுமார் 2,24,000 பேர்.

நூற்பில் ஓல்டத்தை அடிக்க ஆளில்லை. முதல் உலகப்போருக்கு முன் 1.6 கோடிக்கும் மேல் நூற்புக் கதிர்கள் இங்கே சுழன்றன. கடைசி ஆலை 1998-இல் மூடியது. மீனோடு சாப்பிடும் தடித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் எங்கள் சந்தையில்தான் பிறந்தது என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். லண்டன்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 1974 வரை யார்க்‌ஷயரில் இருந்த சாடில்வொர்த் மலைக் கிராமங்கள் இப்போது இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன, ஆனாலும் அங்கே பலர் இன்னும் தங்களை யார்க்‌ஷயர்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

சரி, ஒருநாள்தான் இருக்கிறது என்றால்? நான் ராச்டேல் என்பேன். 1871-இல் திறந்த கோதிக் நகர மண்டபம் ஒன்றே போதும். அப்புறம் டோட் லேன் என்ற தெரு. 1844 டிசம்பர் 21 அன்று, கலப்படச் சரக்கில் சலித்த தொழிலாளர்கள் அங்கே சின்னக் கடை போட்டார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. லாபத்தை வாங்கிய அளவுக்கேற்ப உறுப்பினருக்கே பிரித்துக் கொடுத்தார்கள். நம்மூர்க் கூட்டுறவுக் கடைகள் வரை அந்த வழக்கம் வந்து சேர்ந்தது. கடை இப்போது அருங்காட்சியகம்.

மலையேற ஆசை என்றால் மட்டும் ஓல்டம்.