பிரதிகளின் நலம் பார்க்க: கிளஸ்டர் ஹெல்த்தா, கேட் ஷார்ட்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட அலுவலகத்தில் செம்பனைக் கணக்குகளைத் தேட, 3 நோடில் (சேர்ந்து இயங்கும் கணினிகளில்) எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தரவை மூலத் துண்டுகளாகப் (ஷார்ட்) பிரித்து, அவற்றின் பிரதிகளை வேறு நோடுகளில் வைக்கும். மாலை இடிமழையில் மின்சாரம் போய் ஒரு நோடு விழுகிறது.

கிளஸ்டர் ஹெல்த் என்ற கட்டளை, நோடுகளின் முழுத் தொகுப்பும் நலமா என்று ஒரே நிறத்தில் பதில் சொல்லும். மஞ்சள்: மூலத் துண்டுகள் பத்திரம், சில பிரதிகள் இல்லை. சிவப்பு: குறைந்தது ஒரு மூலத் துண்டே இல்லை. இரவு எச்சரிக்கைக்கு இதுவே போதும்.

ஏன் என்று அறிய, துண்டு துண்டாக நிலையைப் பட்டியலிடும் கேட் ஷார்ட்ஸ் கட்டளைதான் வேண்டும். பட்டியலில் காரணம் காட்டும் நெடுவரிசையையும் (unassigned.reason) சேர்த்துக் கேளுங்கள். 'நோட் லெஃப்ட்' (நோடு விலகிவிட்டது) என்றால் பதறாதீர்கள். இயல்பு அமைப்பில் 1 நிமிடம் காத்துவிட்டுத்தான் புதுப் பிரதி கட்டும். அதன்பின்னும் அசையவில்லையா? வட்டின் (டிஸ்க்) இடத்தைப் பாருங்கள்: வட்டு 85% மேல் நிரம்பிய நோடில் பிரதி ஏறாது. 'அலொகேஷன் ஃபெயில்ட்' (துண்டை நோடில் வைக்க முடியவில்லை) இன்னும் தொல்லை. 5 முறை தோற்றால் தானாக முயலாது. கோளாறைச் சரிசெய்து, 'தோற்றதை மீண்டும் முயல்' என்னும் ரீட்ரை ஃபெயில்ட் சேர்த்து, துண்டுகளை நோடுகளில் ஒதுக்கும் ரீரூட் கட்டளையைக் கையால் ஏவ வேண்டும்.