மியூசிக்கல் தியேட்டர் ஆடிஷனுக்குப் பாட்டும் மோனோலாக்கும் செலக்ட் பண்ணித் தர்ற பேக்கேஜ்: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்கு வேணாம்

அமெரிக்கால பிள்ளைங்க காலேஜ்ல மியூசிக்கல் தியேட்டர் பிஎஃப்ஏ (பாட்டு, டான்ஸ், நடிப்பு சேர்ந்த நாடகத்துக்கான பட்டப்படிப்பு) பண்ணணும்னு சொல்ற வீடுகளுக்காக இந்த ரிவ்யூ. எங்க பொண்ணுக்காக ஆன்லைன்ல ஒரு ஆடிஷன் கோச்சிங் கம்பெனில முழு பேக்கேஜ் வாங்கினோம். பேர் சொல்லல, ஏன்னா இதே அமைப்புல நிறைய பேர் விக்கறாங்க, எந்தப் பார்ட்டை வாங்கலாம்னு தெரிஞ்சா போதும். நாலு விஷயம் தர்றாங்க: ஃபார்ம் நிரப்பினா வர்ற பாட்டு லிஸ்ட், வாய்ஸ் கோச்சோட ஜூம்ல தனி செஷன், மோனோலாக் (ஒரே ஆள் பேசற நாடக வசனம்), கடைசில ஒரு மாக் ஆடிஷன், அதாவது ஆடிஷனுக்கு ஒத்திகை.

முதல்ல லிஸ்ட். இது சுத்த வேஸ்ட். ரேஞ்ச் என்ன, உயரம் என்ன, எந்த மாதிரி ரோல் பிடிக்கும், எந்த இனம்னு ஒரு நீளமான ஃபார்ம், அதை நிரப்பி அனுப்பினா ஒரு எக்செல் ஷீட் வருது. பாதி பாட்டு யார் தேடினாலும் முதல் பக்கத்துல வர்றது. மீதி பாதி இருக்கே, ஃபார்ம்ல இந்தியன்னு டிக் பண்ணினதால வந்தது, பாலைவன இளவரசி, மந்திரக் கம்பளம், தூர தேசத்து அழகின்னு இந்த ரகம். நியூ ஜெர்சில பொறந்து வளர்ந்த பிள்ளைக்கு! லைவ் செஷன்ல கோச் அந்த ஷீட்டைப் பாத்துட்டு அவங்களே சிரிச்சுட்டு ஓரமா வெச்சுட்டாங்க. அவங்க சொன்ன கணக்கு எனக்குச் சரின்னு பட்டுச்சு. ஒரு கேரக்டர் கறுப்பினப் பொண்ணாவோ வேற ஒரு இனத்துப் பொண்ணாவோதான் எழுதப்பட்டிருக்கு, அந்த அனுபவம்தான் கதையேன்னா அதை விட்டுடணும். அப்படி எதுவும் எழுதப்படாத கேரக்டர் எல்லாமே நம்ம பிள்ளைங்களுக்கும்தான், யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல.

இப்ப செஷன். காசுக்கு மதிப்புன்னு சொல்லணும்னா இதுதான், இதை மட்டும்தான். எந்தப் பாட்டுன்னு பேச்சே எடுக்கல அந்தம்மா, ஃபர்ஸ்ட் செஷன் பூரா சும்மா பாட விட்டுக் கேட்டாங்க, மேல ஏத்தி கீழ இறக்கி, பேசச் சொல்லி, சத்தம் போட்டுக் கூப்பிடச் சொல்லி. எங்க பொண்ணு சின்னதுலேர்ந்து கர்நாடக சங்கீதம், அஞ்சு கட்டைல பாடிப் பழகின குரல். அதனால சுருதி, ஞாபகம், மூச்சு எல்லாம் நல்லா இருக்கு, ஆனா மேல போகும்போதும் நெஞ்சுக் குரலையே (பேசும்போது வர்ற கனமான குரல்) இழுத்துட்டுப் போகுது, ஒவ்வொரு சுரத்துக்கும் நேரா போய் நிக்காம கீழேருந்து வழுக்கிட்டு வருது. அது தப்புன்னு கோச் சொல்லல, "இது உனக்குள்ள இருக்கற இன்னொரு மொழி, இங்க அதைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணி வைக்கத் தெரியணும்"னு சொன்னாங்க. நம்ம பிள்ளைங்க நிறைய பேருக்கு இது பொருந்தும், எந்த லிஸ்ட்டும் இதைக் கேட்டுச் சொல்லாது.

அதுக்கப்புறம்தான் பாட்டு. பெரும்பாலான ப்ரோக்ராம்ல ரெண்டு பாட்டு கேக்கறாங்க, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு, பழசுக்கான கோட்டை சில இடத்துல 1965ல போடறாங்க, சில இடத்துல 1970ல. பழசுக்குத் தலைக்குரல்ல (மேல போகும்போது வர்ற லேசான குரல்) சுத்தமா, நேரா பாடற ஒரு சொப்ரானோ பாட்டு, அதாவது உயர்ந்த பெண் குரலுக்கான பாட்டு எடுத்தாங்க. புதுசுக்கு நான் எதிர்பாத்தது பெரிய பெல்ட் பாட்டு, யூட்யூப்ல பிள்ளைங்க எல்லாம் கூரை பறக்கக் கத்துறாங்களே அந்த மாதிரி. அவங்க எடுத்தது நடுக் குரல்ல, நெஞ்சுக் குரலும் தலைக்குரலும் கலந்த மிக்ஸ்ல, கிட்டத்தட்ட பேசற மாதிரி போற ஒரு பாட்டு. என்னங்க இவ்ளோ சாதாரணமா இருக்கேன்னு கேட்டேன். பிப்ரவரில சிகாகோ குளிர்ல, ஓட்டல்ல சரியா தூங்காம, மூக்கு அடைச்சுட்டு, காலைல எட்டு மணிக்கு உள்ள கூப்பிடும்போது எந்த உச்ச சுரம் நிச்சயமா வருமோ அதுதான் உங்க பொண்ணோட உச்ச சுரம்னாங்க, வீட்ல ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வர்றது கணக்குல வராதாம். யூனிஃபைட்ஸ்னு ஜனவரி கடைசிலேர்ந்து நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ்ல வரிசையா நிறைய காலேஜ் ஒரே இடத்துல ஆடிஷன் வெக்கறாங்க, ஒரே நாள்ல நாலு ரூமுக்குக்கூட ஓட வேண்டி வரும். நாலாவது ரூம்லயும் அந்தச் சுரம் இருக்கணுமே.

கட், அதாவது முழுப் பாட்டுலேர்ந்து ஆடிஷனுக்கு வெட்டி எடுக்கற துண்டு, அந்த விஷயத்துலயும் நல்ல வேலை பண்ணாங்க. சில இடத்துல 16 பார், 32 பார்னு கேப்பாங்க (பார்னா நம்ம தாளத்துல ஒரு ஆவர்த்தனம் மாதிரி), நேர்ல கூப்பிடறதுக்கு முன்னாடி வடிகட்ட வாங்கற ப்ரீஸ்க்ரீன் வீடியோவுக்கு பொதுவா 60 லேர்ந்து 90 செகண்ட்னு கேப்பாங்க, ரெண்டும் ஒண்ணு கிடையாது. நாலு பீட் பார், டெம்போ 120ன்னா (நிமிஷத்துக்கு 120 பீட்) 32 பார் 64 செகண்ட்ல முடிஞ்சுடும், அதே 32 பார் டெம்போ 60ல போற மெதுவான பாட்டுன்னா ரெண்டு நிமிஷம் தாண்டிடும். எங்க பழைய பாட்டுக்கு ரெண்டு கட் போட்டுத் தந்தாங்க, நீளமானது ஒண்ணு குட்டி ஒண்ணு. ரெண்டுலயும் பொண்ணு ஒரு மனநிலைல ஆரம்பிச்சு நடுவுல ஏதோ முடிவெடுத்து வேற இடத்துல வந்து நிக்கணும், சும்மா கடைசில இருக்கற உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்தா பேனலுக்கு, அதாவது உக்காந்து தேர்வு பண்றவங்களுக்கு, குரல் தெரியும், ஆள் தெரியாதுன்னாங்க. அப்புறம் ஆடிஷன் ரூம்ல நம்ம பாட்டுக்குப் பியானோ வாசிக்கறவர். அவர் உங்க பாட்டோட மியூசிக் நோட்ஸை முன்னப் பின்னப் பாத்ததில்ல, வெச்சதும் அப்படியே வாசிக்கறவர். அதனால பியானோ பார்ட் தாறுமாறா போற பாட்டு வேண்டாம், கட் எங்க ஆரம்பம் எங்க முடிவுன்னு தெளிவா கோடு போட்ட பேஜ் பைண்டர்ல இருக்கணும், டெம்போ சொல்ல விரல் சொடுக்கக் கூடாது, ரெண்டு வரியை அவர்கிட்ட மெல்லப் பாடிக் காட்டணும். விரல் சொடுக்கறது அவங்களுக்கு வேலைக்காரங்களைக் கூப்பிடற மாதிரி இருக்குமாம். கேட்டதும் சுருக்குனு இருந்துச்சு, ஆனா நியாயம்தான்.

எல்லாரும் பாடற பாட்டைத் தொடாதேன்னு ஒரு பயம் பெத்தவங்க க்ரூப்ல சுத்துது. என் கருத்து, பாதி உண்மை. இப்ப ப்ராட்வேல ஓடிட்டிருக்கற ஹிட் பாட்டைப் பாடினா பேனலோட காதுல ஒரிஜினல் குரல் இருக்கும், அதோட போட்டி போடறது வீண். ஆனா அறுபது வருஷப் பழைய பாட்டை எல்லாரும் பாடறாங்கன்னு ஒதுக்கிட்டு, யாருமே கேக்காத, கேக்காம இருக்கறதுக்குக் காரணமும் இருக்கற ஒரு பாட்டைத் தோண்டி எடுக்கறது அதைவிட மோசம். காலேஜ் சைட்ல பாடக் கூடாத பாட்டுன்னு எழுதியே போட்டிருந்தா மட்டும் கண்டிப்பா கேக்கணும்.

மோனோலாக் பார்ட்டுக்கு வர்றேன், இங்கதான் கோவம். பிரசுரமான நாடகத்துலேர்ந்து எடுக்கணும்னு நிறைய காலேஜ் தெளிவா எழுதறாங்க. சினிமா வசனம் கூடாது, தனியா மோனோலாக்னே எழுதி விக்கற புக்லேர்ந்தும் கூடாது. இந்தக் கம்பெனி அனுப்பினதோ அவங்க ஆளுங்களே எழுதின ஒரு பிடிஎஃப்! எந்த நாடகம், முன்னாடி என்ன நடந்துச்சு, யார்கிட்ட பேசறான்னு எதுவும் கிடையாது, ஏன்னா நாடகமே கிடையாது. பேனல்ல அதைத்தானே கேப்பாங்க, முழு நாடகம் படிச்சியான்னு. கேட்டு மெயில் போட்டா "எங்க ஸ்டூடண்ட்ஸ் இதை யூஸ் பண்ணி செலக்ட் ஆகியிருக்காங்க"ன்னு ஒரு வரி பதில், அவ்ளோதான்.

கடைசில ஸ்கூல் ட்ராமா டீச்சர் சொல்லி லைப்ரரிலேர்ந்து நாடகப் புத்தகமா அள்ளிட்டு வந்தோம், பைசா செலவில்லாம. அவர் சொன்ன வடிகட்டல் ரொம்ப எளிமை. பதினேழு வயசுப் பொண்ணு நம்பும்படியா பேசக்கூடியதா இருக்கணும், எதிர்ல ஒரு ஆள் இருக்கணும், அந்த ஆள்கிட்டேர்ந்து இப்போ ஏதோ ஒண்ணு வேணும்னு கேக்கறதா இருக்கணும். நடந்து முடிஞ்ச சோகத்தை உக்காந்து கதை சொல்றது எவ்ளோ நல்லா எழுதியிருந்தாலும் ஆடிஷன்ல படுத்துடும். ரெண்டு பாட்டும் உருக்கமா இருந்தா மோனோலாக் கொஞ்சம் சிரிக்க வைக்கறதா இருக்கட்டும்னார். எங்க பொண்ணு எடுத்தது அக்காகிட்ட கார் சாவி கேட்டுக் கெஞ்சற ஒரு துண்டு, 75 செகண்ட், அதுல அவ ஜாலியாவும் இருக்கா, கில்லாடியாவும் இருக்கா.

மாக் ஆடிஷன் பரவால்ல ரகம். ஒரு விஷயத்துக்காக மட்டும் நல்லா இருந்துச்சு. பாடி முடிச்சதும் "இப்ப இதே பாட்டை, பக்கத்து ரூம்ல குழந்தை தூங்குது, எழுப்பிடக் கூடாது, அப்படிப் பாடு"ன்னாங்க. பொண்ணு ஒரு நிமிஷம் முழிச்சா. நம்ம கிளாஸ்ல டீச்சர் சொல்லிக் குடுத்ததை அச்சு மாறாம திருப்பிப் பாடினாதானே பாராட்டு, இங்க மாத்திப் பாடத் தெரியுதான்னு பாக்கறாங்க. பெரிய பேர் இருக்கற ப்ரோக்ராம்ல வருஷத்துக்கு சுமார் 20 பேர்தான் எடுக்கறாங்க, அந்த இருபது பேரோட நாலு வருஷம் வேலை செய்யப் போறவங்க, சொன்னா கேட்டு மாத்திக்கற பிள்ளையான்னு பாக்கறது இயல்புதான். இந்தப் பயிற்சியை வீட்லயே பண்ணலாம், தம்பி தங்கச்சியை டைரக்டரா உக்கார வெச்சா போதும், அதுங்க பிச்சு எடுத்துடும்.

மொத்த பேக்கேஜ் ஆயிரம் டாலருக்கு மேல. அப்ளிகேஷன் ஃபீஸ், ப்ரீஸ்க்ரீன் அப்லோட் பண்ற ஃபீஸ், ஃப்ளைட், ஓட்டல்னு பின்னாடி வரிசையா வேற நிக்குது, அதனால யோசிச்சுதான் செய்யணும். என் சிபாரிசு, பேக்கேஜ் வேணாம், அதே கோச்சை மணிக்கணக்குல தனியா புக் பண்ண முடியுமான்னு கேளுங்க, நாங்க கேட்டப்போ முடியும்னுதான் சொன்னாங்க, வெப்சைட்ல மட்டும் அதைப் பெருசா போட மாட்டாங்க. செஷனுக்கு 5க்கு 5, மாக் ஆடிஷனுக்கு 3, லிஸ்ட்டுக்கு 1, மோனோலாக்குக்கு பூஜ்யம் போட ஆப்ஷன் இல்லாததால 1. பதினொண்ணாவது முடியற மே, ஜூன் மாசமே பேசி வெச்சுடுங்க. ப்ரீஸ்க்ரீன் நெருங்கற செப்டம்பர்ல போனா நல்ல கோச்சுக்கு ஸ்லாட் இருக்காது, மிஞ்சறது அந்த எக்செல் ஷீட்தான், அதையும் முழு ரேட்டுக்குத்தான் தலைல கட்டுவாங்க.