மச்சானின் பட்டியலும் பெரியப்பாவின் உரப்பையும்

சென்ற ஆவணியில் வன்னியில் வெளியே தங்கி முகாமிடப் போனோம்: எட்டுப் பேர், இரண்டு ஜீப், இரண்டு இரவு. முதல் இரவு முத்தையன்கட்டில் பெரியப்பாவின் வயலோரம், மறுநாள் அலம்பில் கரை. கொண்டுபோக வேண்டிய சாமான்களென்று கொழும்பிலிருந்து மச்சான் அனுப்பிய பட்டியல் மூன்று பக்கம். பெரியப்பாவோ ஓர் உரப்பையை முற்றத்தில் கவிழ்த்தார்: படங்கு, நுளம்பு வலை, மண்வெட்டி, கத்தி, படகு கட்டும் நைலோன் கயிறு, கேத்தல். வயல் காவலுக்கு மாதக்கணக்கில் வாடியில் கிடந்தவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

படுக்கையில் தொடங்கியது வழக்கு. மச்சானுக்குக் கூடாரம்தான் வேண்டும். ஆவணியில் வன்னியில் சோழகம் வீசும். மெல்லிய கம்பிகளில் நிற்கும் மலிவுக் கூடாரம் அந்தக் காற்றுக்கு ஈடுகொடுக்காது. முந்திய வருடம் நாயாற்று மணலில் முளைகள் பிடுங்குண்டு, எங்கள் கூடாரமொன்று நீரேரிப் பக்கம் உருண்டோடியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டு பாலை மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய படங்கு படபடக்கும், ஆனால் பறக்காது. வெக்கையும் குறைவு. ஆனால் கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களையே பெரும்பாலும் தீண்டுகிறது. பல வேளைகளில் கடிபட்டவருக்கு வலியே தெரியாது. ஆகவே வெறும் படங்கு போதாது. வலையின் ஓரங்களைப் பாயின் அடியில் சுற்றிவரச் செருக வேண்டும். அப்படிச் செய்வதானால் என் வாக்கு படங்குக்குத்தான். வலை செருகச் சோம்பல்படுகிறவர் கூடாரத்துக்குள் புகுந்து சிப்பைப் பூட்டிக்கொண்டு வேர்க்கட்டும்.

அடுப்பு விடயத்தில் நான் கட்சி மாறினேன். காட்டுக்குள் நின்றுகொண்டு எரிவாயு சிலிண்டரில் தேநீர் வைப்பது வேறெங்கேனும் என்றால் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் இது வன்னி. விறகு பொறுக்கப் போகிறவன் சில்லுத் தடத்தை விட்டு விலகுவான், பற்றைக்குள் குனிவான், மண்ணில் புதைந்த கட்டையை இழுப்பான். போர் முடிந்தது 2009இல். அதன்பின் எவ்வளவோ கண்ணிவெடிகளை அகற்றிவிட்டார்கள். என்றாலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு, தெரியாத காட்டில் கால் வைப்பது விளையாட்டல்ல. ஆவணிப் புல்லும் ஒரு பொறிக்காகத்தான் காத்துக் கிடக்கிறது. எனவே சமையலுக்கு மச்சானின் 2.3 கிலோ சிலிண்டர். இரவில் சுற்றியிருந்து கதைக்க, வீட்டிலிருந்தே ஏற்றிய ஒரு கட்டு விறகும் பொச்சுமட்டையும். மண்வெட்டிக்கும் இதே சட்டம்தான்: மலக்குழி வெட்டுவதானால் வருடாவருடம் உழுகிற நிலத்தில் மட்டும்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சுண்டிக்குளமும் மடு வீதியும் 2015இல் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் அங்கே ஜீப்பை விட்டால் பொதி கட்டிய வேலையெல்லாம் வீண்.

வாகனம் புதைந்தால் எதை நம்புவது? மச்சானின் ஜீப்பில் உருக்குக் கம்பி சுற்றிய வின்ச் இருந்தது. காட்டுப் பாதையில் அது அருமை: மரத்தின் பட்டை உரியாமல் சாக்கைச் சுற்றி, கம்பி அறுந்தால் சாட்டைபோல் வீசாமலிருக்க அதன் நடுவில் ஈரச்சாக்கைப் போட்டு இழுக்கலாம். வெட்டை வெளியில் எதில் கட்டுவது? முத்தையன்கட்டுக் குளத்தின் அலைகரையில் மேலே வெடித்துக் காய்ந்திருந்தது, அடியில் களி. எங்கள் ஜீப் அச்சுவரை இறங்கியது. கைக்கெட்டும் மரம் ஒன்றுமில்லை. பெரியப்பாவின் தடித்த கயிறும் பக்கத்து வயல் உழவு இயந்திரமும்தான் மீட்டன. கயிற்றை பம்பரில் கட்டாமல் சட்டத்திலுள்ள கொக்கியில் கட்டவேண்டும் என்பதையும் அன்றுதான் அவர் எங்களுக்கு உரத்த குரலில் கற்பித்தார்.

தண்ணீரில் வாதமே இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர். எட்டுப் பேருக்கு 20 லீற்றர் கான் நான்கு. சாப்பாட்டில் மச்சானின் ஐஸ் பெட்டிக் கோழி முதல் இரவோடு சரி. பிறகு பருப்பு, நெத்தலிக் கருவாடு, ரின் மீன். பசித்த நேரத்தில் கடித்துக்கொண்டிருக்கப் புழுக்கொடியலை வெல்ல எந்தப் பிஸ்கட்டும் இல்லை. எதுவானாலும் தலைமாட்டில் வைக்காமல் ஜீப்புக்குள் பூட்டுங்கள். உப்பும் வாழைப்பழமும் யானைக்கும் பிடிக்கும்.

இருவருமே மறந்த பொருள் காற்றடிக்கும் பம்ப். அலம்பில் மணலில் ஏறுவதற்காக ரயர்க் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 18க்கு இறக்கினோம். ஜீப் மணலில் வள்ளம்போல் மிதந்தது. திரும்பித் தார்வீதியில் ஏறியபோதுதான் காற்றை மறுபடி எப்படி ஏற்றுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மெத்தையாய்ப் பிதுங்கிய ரயர்களோடு முல்லைத்தீவு வரை ஊர்ந்தோம். வழியில் நெல்மூட்டை ஏற்றிய ஒரு லான்ட்மாஸ்டர் இருசில்லு உழவு இயந்திரம் எங்களை முந்திப் போனது.